மணலில் புதைந்த பஸ்ஸும் மிரியத்தின் நான்கு விரலும்

மிரியம் போய்விட்டார். நேற்றுக் காலை. வார்ட் வாட்ஸ்அப் குழுவில் ஒரே வரியில் செய்தி.

இன்று மதியம் அடக்கமும் முடிந்துவிட்டது. யூதர்கள் தாமதிப்பதில்லை. அதுவும் இன்று வெள்ளிக்கிழமை, பொழுது பட்டால் அடக்கம் செய்யமாட்டார்கள்.

அழுதுகொண்டுதான் எழுத உட்கார்ந்தேன்... ஆனால் அந்த பஸ் ஞாபகம் வந்துவிட்டது. இப்போது சிரிப்பு வருகிறது.

மொன்றியல் டவுன்டவுன் ஆஸ்பத்திரி ஒன்றில் நானும் அவரும் ஒரே வார்டில் நர்ஸ். முதல் சந்திப்பே சண்டை. வெள்ளி பின்னேர ஷிஃப்ட் இரண்டு பேருக்கும் வேண்டாம்.

"எனக்கு சபாத், எங்கட ஓய்வு நாள் தொடங்குது. பொழுது பட முந்தி மெழுகுதிரி கொளுத்த வேணும்."

"எனக்கும் வெள்ளிக்கிழமை. விளக்கு வைக்க வேணும்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீயுமா?"

அதோடு எங்கள் சண்டை முடிந்து, இரண்டு பேருமாக சூப்பர்வைசரோடு சண்டை தொடங்கியது.

மார்ச் பள்ளி விடுமுறையில் யூத இளைஞர் குழு ஒன்றை அரிசோனா பாலைவனத்துக்குக் கூட்டிப்போவது மிரியத்தின் வழக்கம். ஒரு வருடம் குழுவோடு போக இரண்டாவது நர்ஸ் கிடைக்கவில்லை. "நீ வா" என்றார். கேள்வியே இல்லை.

வீட்டில் இவர் விழுந்து விழுந்து சிரித்தார். "பாலைவனமோ? வீட்டிலயிருந்து ரொக்ஸ்பரோ ஸ்டேசனுக்கு நடக்கவே கால் நோகுதெண்டு சொல்லுறனீர்!"

போனேன். அப்படி ஒரு வானத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சிவப்புப் பாறை, சிவப்பு மண், பஸ் நிறையப் பதினாறு வயதுச் சத்தம்.

"மிரியம், எப்ப போய்ச் சேருவம்?"

"எங்கட ஆக்கள் பாலைவனத்தில நாப்பது வருஷம் நடந்தவை. ஒருத்தரும் முறைப்பாடு சொல்லேல்லை."

"சொன்னவை! முழுக்க முறைப்பாடுதான், வேதத்திலயே எழுதிக் கிடக்கு!" பின் சீட்டிலிருந்து ஒரு பெண் கத்தினாள். பஸ்ஸே சிரிப்பில் அதிர்ந்தது.

வெள்ளி பின்னேரம் முகாமுக்குத் திரும்பும்போது மிரியம்தான் குறுக்கு வழி சொன்னார். மண் பாதை. கொஞ்சத் தூரத்தில் பின் சில்லு மணலில் புதைந்துவிட்டது.

டிரைவர் மிதிக்க மிதிக்க இன்னும் கீழே போனது.

மிரியம் இறங்கி, கையை நேராக நீட்டி, சூரியனுக்கும் அடிவானத்துக்கும் நடுவில் விரல்களைப் படுக்கையாக வைத்துப் பார்த்தார். "நாலு விரல். ஒரு விரலுக்குக் கால் மணித்தியாலம்." முகாம் அரை மணித்தியாலத் தூரம். பொழுது பட்டால் அவர் நெருப்பைத் தொடமாட்டார். வாகனத்திலும் ஏறமாட்டார்.

என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார். "சின்னப் பிள்ளையில இருந்து ஒரு வெள்ளியும் நான் கொளுத்தாமல் விட்டதில்லை."

அப்போதுதான் எனக்கு மூளை வேலை செய்தது. "பிள்ளையள், நாங்கள் மொன்றியல் ஆக்கள். பனியில புதைஞ்ச கார் தள்ளாத ஆள் ஆராவது இருக்கிறியளோ?"

ஒரே ஆரவாரம்! எல்லோரும் குதித்து இறங்கினார்கள். கையால் மணலைத் தோண்டினார்கள். படுக்கும் பாய்களைச் சில்லுக்குக் கீழே திணித்தார்கள். "மிதிக்காதேங்கோ! மெல்லமா முன்னுக்கு... விடுங்கோ... இப்ப பின்னுக்கு!" பனியையே கண்டிராத அரிசோனா டிரைவருக்கு ஆளுக்காள் பாடம். பிறகு பிரெஞ்சில் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணித் தள்ளினோம்.

அன், டூ, த்ருவா! பஸ் தொட்டில் மாதிரி ஆடியது. அன், டூ, த்ருவா! எழும்பிப் பாய்ந்தது. நான் முகங்குப்புற மணலில். வாய் நிறைய மண், அப்படியே விசிலடித்தேன்.

மிரியம் கையை நீட்டிப் பார்த்தார். மூன்று விரல். "ஏறுங்கோ! ஏறுங்கோ!"

முகாமில் இறங்கும்போது ஒரு விரலும் முழுசாக இல்லை. அதற்குள் காற்று வேறு. என் மருந்து கூலர் பெட்டியைச் சரித்து வைத்து, அதற்குள் இரண்டு மெழுகுதிரி. பிள்ளைகள் சுற்றிவரச் சுவர் மாதிரி நின்றார்கள். பற்றியது! மிரியம் கண்களை மூடிப் பிரார்த்தித்தார். மண் அப்பிய கைகள்.

கண்ணைத் திறந்தபோது சூரியன் இல்லை.

கொஞ்ச நேரத்தில் ஒரு திரி அணைந்தது. எங்கள் வீட்டில் விளக்கு அணைந்தால் நெஞ்சு பதறும்... லைட்டரோடு பாய்ந்தேன். எல்லோரும் ஒரே குரலில் "நோ!" என்று அலற, பாம்பாக்கும் என்று மேசைக்கு மேல் ஏறிவிட்டேன்.

மிரியத்துக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்துவிட்டது. "இறங்கு பிள்ளை. அது தன்ர வேலையைச் செய்திட்டுது. விடு."

அதற்குப் பிறகு, பென்ஷன் எடுத்த பிறகும்கூட, வெள்ளி தவறாமல் டெக்ஸ்ட் வரும். "ரொக்ஸ்பரோவில எத்தினை விரல்?" நான் பால்கனிக்கு ஓடிப்போய்ப் பார்த்துப் பதில் போடுவேன்.

"முகில். ஒண்டும் தெரியேல்லை" என்று போட்டால், "அப்ப இப்பவே கொளுத்து, விசரி" என்று வரும். பைத்தியக்காரி என்று திட்டும் அந்த ஒரு தமிழ்ச் சொல்லை மட்டும் நன்றாகப் பழகிவைத்திருந்தார்.

இன்று டெக்ஸ்ட் இல்லை.

அடக்கத்துக்குப் போன உடுப்போடே பால்கனியில் நிற்கிறேன். சுவாமி அறையில் என் விளக்குக்குப் பக்கத்தில் இரண்டு மெழுகுதிரி எடுத்து வைத்திருக்கிறேன். கையை நீட்டிப் பார்த்தேன்.

ரெண்டு விரல் கிடக்கு, மிரியம். கொளுத்த நேரம் காணும்.