சிக்னே சாப்பிட்ட ரொட்டி

நெலீதாவின் கழுத்தில் எப்போதும் இரண்டு சாமான்கள் தொங்கும். ஒன்று மாதா பதக்கம், இன்னொன்று காப்பகத்தின் இரும்புக் கதவுச் சாவி. குளிக்கும்போது பதக்கத்தைக் கழற்றினாலும் கழற்றுவாள், சாவியைக் கழற்ற மாட்டாள். சுக்ரே நகரத்தின் மேட்டுத் தெருவில், சந்தையில் கடை போடும் பெண்கள் காலையில் விட்டுப் போகும் குழந்தைகளை வைத்துக்கொள்ளும் இடம் அது. கதவு ஒரு கணம் திறந்து கிடந்தால் போதும், ஏதாவது ஒரு வாண்டு மினிபஸ்ஸுக்கு எதிரே போய் நிற்கும்.

"பூட்டி வச்சிருக்கறது பிள்ளைங்கள இல்ல, என்னத்தான்" என்று அவள் சொல்வாள். முன்பெல்லாம் சிரித்துக்கொண்டு சொல்வாள். தங்கை எல்வா ஸ்பெயினிலிருந்து போன் செய்த பிறகு அந்தச் சிரிப்பும் போய்விட்டது. எல்வா அங்கே வேலன்சியாவில் ஒரு கிழவரைப் பார்த்துக்கொள்கிறாள். "உனக்கும் வேலைக்கு ஒரு வீடு பார்த்துட்டேன். தனி ரூம் குடுக்கறாங்க. ஈஸ்டர் முடிஞ்சதும் கெளம்பி வா" என்றாள். தனி அறை. நெலீதா அந்த வார்த்தையைப் பல நாள் வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தாள். புருஷன் சாந்தா குரூஸுக்கு வேலை தேடிப் போனவன், போனவன்தான். எட்டு வயது டானிட்ஸாவைப் பெரியக்காவிடம் விட்டுவிட்டுப் போவதாக ஏற்பாடு. மகளிடம் மட்டும் சொல்லி, யாரிடமும் மூச்சு விடாதே என்றாள். டானிட்ஸா அழவில்லை.

"நீயும் போட்டோ அனுப்புவியா?" என்று மட்டும் கேட்டாள்.

அந்த 'நீயும்' நெலீதாவைச் சுருக்கென்று குத்தியது. டானிட்ஸாவின் முதல் முடியை வெட்டியவள் மரைக்கே என்கிற வெள்ளைக்காரப் பெண். காப்பகத்துக்குத் தொண்டு செய்ய வந்தவள். இந்த ஊரில் பிள்ளையின் முதல் முடியை வெட்டுகிறவள்தான் ஞானத்தாய். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதிலிருந்து, பெற்றவள் செத்தால் கூட்டிக்கொண்டு போய் வளர்ப்பது வரை அவள் பொறுப்பு. மரைக்கே ஊருக்குப் போய் இரண்டு போட்டோ அனுப்பினாள். ஒன்றில் பனியில் நின்றாள், மற்றதில் நாயோடு நின்றாள். அத்தோடு சரி. டானிட்ஸா இன்றும் பள்ளிக்கூடத்தில், என் ஞானத்தாய் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கா என்று பெருமை அடித்துக்கொள்கிறாள். அதைக் கேட்கும்போதெல்லாம் நெலீதாவுக்கு வயிறு எரியும். பிள்ளையோடு உறவு வைத்துவிட்டுப் போகிறவளைப்போல ஒரு பாவி கிடையாது என்பது அவள் கட்சி.

இந்த லட்சணத்தில்தான் மழைக்காலத்தில் சிக்னே வந்து இறங்கினாள். டென்மார்க்காரி, பத்தொன்பது வயது, ஆள் நெட்டை. நெலீதா வீட்டின் பின்னறையில் தங்கி, காலையில் ஸ்பானிய மொழி வகுப்புக்குப் போய்விட்டு, மதியம் காப்பகத்துக்கு வரவேண்டும் என்று ஏற்பாடு. விமான நிலையம் எங்கே, ஒரு டிக்கெட் என்ன விலை என்று புத்தகத்தைப் பார்த்து அழகாகக் கேட்பாள். முதல் நாள் காப்பகத்துக்குள் காலை வைத்ததும் குழந்தைகள் அவள் மேல் ஏறிவிட்டார்கள். ஒன்று முதுகில், ஒன்று காலில், ஒன்று அவள் தலைமுடியை ஆராய்ச்சி செய்துகொண்டு. விமான நிலையத்தை வைத்துக்கொண்டு இங்கே என்ன செய்வது? சாயங்காலத்துக்குள் மூன்று சொல் கற்றுக்கொண்டாள்: விடு, கடிக்காதே, மூச்சா. மறுநாள் கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு வெகுநேரம் வெளியே வரவில்லை. குழந்தைகள் கதவைத் தட்டி, "சித்தி, சித்தி" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். உள்ளே அழுகைச் சத்தம் கேட்டது. நெலீதாவுக்கு அவள்மேல் பிரியம் வந்தது அப்போதுதான். தான் அழ நினைத்த இடத்தில் இன்னொருத்தி போய் அழுகிறாளே என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த வாரமே சதுர்னினா வந்தாள். சந்தையில் உருளைக்கிழங்கு விற்பவள். அவளுடைய மூத்த பெண்ணுக்கு நெலீதா ஞானத்தாய் என்பதால் இருவரும் ஒருவரை ஒருவர் கொமாத்ரே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். கூடப்பிறந்தவளிடம்கூடச் சண்டை போடலாம், கொமாத்ரேயிடம் போடக்கூடாது. இளையவன் எல்மெருக்கு இன்னும் முதல் முடி எடுக்கவில்லை. கண்ணை மறைத்துக்கொண்டு தொங்கும் முடியோடு அவன் சிக்னேயின் காலைவிட்டு இறங்குவதே இல்லை.

சதுர்னினாவின் கையில் புதுத் துணியில் கட்டிய மூட்டை. பூட்டிய கதவின் கம்பி இடுக்கு வழியாக அதை சிக்னேயிடம் நீட்டினாள். உள்ளே ரொட்டியும் வாழைப்பழமும். "உனக்குத்தாம்மா. எம் பிள்ளைய நல்லாப் பாத்துக்கற" என்றாள்.

நெலீதாவுக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. புதுத் துணியில் ரொட்டி கட்டிக்கொண்டு யாரும் சும்மா வரமாட்டார்கள். இதை வாங்கிச் சாப்பிட்டால் ஞானத்தாயாக இருக்கச் சம்மதம் என்று அர்த்தம். சிக்னேக்கு நல்ல பசி. நன்றி, நன்றி என்று சொல்லிக்கொண்டே பிய்த்து வாயில் போட்டாள். வேண்டாம் என்று சொல்ல நெலீதாவின் நாக்கு நுனிவரை வந்தது. கொமாத்ரே கேட்டு வந்த இடத்தில் குறுக்கே விழுவதா? மென்று விழுங்கியது சிக்னே மட்டும் இல்லை.

சாயங்காலம் வேர்க்கடலை சூப் ஊற்றும்போது டானிட்ஸாதான் போட்டு உடைத்தாள்.

"எல்மெருக்கு நீதான் ஞானத்தாயாமே. அப்ப நீ திரும்பி வருவல்ல?"

சிக்னே கரண்டியை வைத்தாள். "ஞானத்தாய்... அது என்ன?"

நெலீதாவுக்கு வேறு வழியில்லை. கையைக் காட்டி, படம் வரைந்து, டானிட்ஸாவையே தொட்டுக் காட்டி எல்லாவற்றையும் சொன்னாள். பள்ளிக்கூடம், கல்யாணம், சாவு வரை. சிக்னேயின் முகம் வெளுத்தது.

"நான் ஏப்ரல்... வீடு போறேன். திரும்ப வரல." பிறகு மெதுவாக, "ரொட்டி எல்லாம் சாப்பிட்டேன்" என்றாள்.

மறுநாள் அவள் செய்த காரியத்தை நினைத்தால் நெலீதாவுக்கு இப்போதும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. அந்தத் துணியைத் துவைத்துக் காயவைத்து, அதே கடையில் அதே ரொட்டி வாங்கி, பழத்தை மட்டும் இரண்டு மடங்காக வைத்துக் கட்டி, சந்தைக்கு நடுவே சதுர்னினாவின் கிழங்குக் குவியலின் மேல் கொண்டுபோய் வைத்துவிட்டு மன்னிப்புக் கேட்டாள். அவள் ஊரில் அது நாணயமாம். இங்கே, பிள்ளையை வேண்டாம் என்று நாலு பேர் பார்க்கத் தூக்கி எறிவது.

மத்தியானம் சதுர்னினா காப்பகத்துக் கதவைப் பிடித்து உலுக்கினாள். சிக்னே சமையலறைக்குள் ஓடிவிட்டாள்.

"எம் பிள்ள மூஞ்சில துப்பிட்டுப் போறா உன் வெள்ளச்சி. சொல்லிக் குடுத்தது நீதான?"

"திருப்பிக் குடுக்கச் சொல்லல, கொமாத்ரே."

"அவ சாப்பிடும்போது சொல்லியிருக்கலாம்ல? வாய்க்கும் பூட்டு போட்டிருந்தியோ?"

எல்மெர் ஓடிவந்து, கம்பி வழியாகக் கையை விட்டு அம்மாவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டான்.

"உன்னைத்தான் கேட்டிருப்பேன்" என்றாள் சதுர்னினா. குரல் இறங்கிவிட்டது. "நீதான் ஈஸ்டருக்கு அப்புறம் ஸ்பெயினுக்குப் பறக்கப் போறியாமே. உம் பொண்ணு எம் பொண்ணுகிட்டச் சொல்லிட்டா. என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல நீ. இவ இருப்பான்னு நெனச்சேன். போறவளுங்க எல்லாரும் ஒண்ணுதான், கொமாத்ரே. அவளாவது பொறந்த ஊருக்குப் போறா. ஞாயித்துக்கெழமைக்கு எல்லாரையும் அழைச்சாச்சு. யாரு வெட்டுவான்னு நீயே சொல்லு."

அவள் போன பிறகும் நெலீதா கதவுக்குப் பக்கத்திலேயே நின்றாள். மரைக்கேயை இத்தனை வருஷம் திட்டிய திட்டெல்லாம் ஒன்று விடாமல் தன்னிடமே திரும்பி வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவள் புதுத் துணியில் ரொட்டி கட்டிக்கொண்டு சதுர்னினா வீட்டுக்குப் போனாள். பின்னால் டானிட்ஸா. அவளுக்கும் பின்னால், கம்பளிக் குல்லாயைக் காதுவரை இழுத்துவிட்ட சிக்னே. உள்ளே சோளக் கள்ளான சிச்சா குடத்தைச் சுற்றி ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்மெரின் முடியைக் குட்டிக் குட்டிப் பின்னல்களாகப் போட்டு ரிப்பன் கட்டியிருந்தது. சதுர்னினா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"கேட்டு வர்றவதான் ரொட்டி கொண்டு வரணும்" என்றாள்.

"கேட்டுத்தான் வந்திருக்கேன். கத்திரிக்கோல என்கிட்டக் குடு."

"ஸ்பெயின்?"

"மொதல்ல ரொட்டிய வாங்கு, கொமாத்ரே."

"மொதல்ல நீ சொல்லு."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நெலீதாவின் கை தானாகக் கழுத்துச் சாவிக்குப் போனது. ஒரு கட்டில், ஒரு ஜன்னல், உள்ளேயிருந்து தானே பூட்டிக்கொள்ளும் ஒரு கதவு. இவ்வளவுதான் அவள் ஆசைப்பட்டது.

"போகல" என்றாள்.

சதுர்னினா ரொட்டியைப் பிய்த்துப் பாதியை அவளிடமே கொடுத்தாள். நெலீதா முதல் பின்னலை வெட்டித் தட்டில் வைத்தாள். கண்ணில் நீர் வழிந்தது. ஞானத்தாய் ஆன சந்தோஷம் என்று விருந்துக்கு வந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அது துக்கம்தான், வேறொன்றும் இல்லை. விருந்தாளிகள் ஆளுக்கொரு பின்னலாக வெட்டிப் பிள்ளைக்குப் பணம் வைத்தார்கள். சிக்னேயும் ஒன்று வெட்டித் தட்டில் நோட்டு வைத்தாள். விருந்தாளிக்கு அதற்குமேல் பொறுப்பில்லை என்று தெரிந்ததும் அவள் முகத்தில் வந்த நிம்மதியை நெலீதாவால் பார்க்க முடியவில்லை.

வீடு திரும்பும்போது டானிட்ஸா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

"அப்ப நீ நெசமாவே போகலயா?"

"போகல."

"எல்மெர் முடிய வெட்டினதாலயா?"

நெலீதா கழுத்துச் சாவியைச் சட்டைக்குள் தள்ளிவிட்டாள்.

"எனக்காக இருந்திருக்க மாட்ட, இல்ல?" என்றாள் டானிட்ஸா. கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்வதற்காகத்தான் கேட்டாள்.

நெலீதா அந்தக் கையை இறுகப் பிடித்தாள். "வலிக்குதும்மா, விடு" என்றாள் மகள். வீட்டு வாசல் வரும்வரை நெலீதா விடவில்லை.