ஆளில்லாத வீட்டுக்கு ஒரு கோலம்

இடுப்பெலும்பு முறிந்து அம்மா பாளையங்கோட்டைக்கு என்னோடு வந்தபிறகு, தச்சநல்லூர் வீட்டைக் காப்பது என் தலையில் விழுந்தது. நடக்கத் தேறியதும் அங்கேயே திரும்பிவிட வேண்டும், அது ஒன்றுதான் அவள் ஆசை. காலையில் பல் விளக்கியதும் கேட்பாள்: "ஏலே, வீடு பத்திரமா இருக்கா?"

பக்கத்துத் தெருவில் பூட்டிக்கிடந்த ஒரு வீட்டில் தண்ணீர்க் குழாயைக்கூட விடாமல் கழற்றிப் போயிருந்தார்கள். அதனால் நான் செய்யாத வேலை இல்லை. ஜன்னலுக்கு இன்னொரு வரிசைக் கம்பி அடித்தேன். கேமரா மாட்டினேன், அதைக் குரங்கு பிடுங்கிப் போட்டது. முன்கதவை உள்ளே தாழிட்டுப் பின்வாசலைப் பூட்டினேன், தெருவிலிருந்து பார்த்தால் பூட்டே தெரியாது. ஆனால் விடிந்தும் வாசலில் கோலம் இல்லையென்றால் ஆளில்லை என்று கண்ணுள்ளவன் எவனுக்கும் தெரிந்துவிடுமே. அதற்கும் ஒரு பெண்ணை ஏற்பாடு செய்தேன். மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து, தோட்டத்தை மூடி எல்லாரையும் மலையிலிருந்து இறக்கிவிட்டபோது கீழே வந்து பக்கத்தில் வாடகைக்குக் குடியிருந்தவள்.

"கவலப்படாதீய அண்ணாச்சி. ஆள் இருக்க மாதிரியே போட்டுருதேன்" என்றாள். சொன்னபடி செய்தாள். வீடு காலி என்று தெருக்காரர்களைத் தவிர யாருக்கும் தெரியவில்லை. புதிதாக வந்த பால்காரர் மணியடித்துப் பார்த்துவிட்டுப் போனாராம். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

எதிர்வீட்டுப் பெரியவர் ஓர் இரவு இறந்துபோனார். தெருவில் பிணம் கிடக்கையில் யாரும் கோலம் போடுவதில்லை. அவளுக்கு யாரும் சொல்லவில்லை, வழக்கம்போல இருட்டோடு வந்து போட்டுவிட்டுப் போய்விட்டாள். விஷயம் கேள்விப்பட்டு அழிக்க ஓடிவந்தபோது வெளியூர்ச் சொந்தக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். மாலையும் கையுமாக நான் தெருவுக்குள் நுழைந்த நேரம் அது.

"எழவு வீட்டுக்கு எதுத்தாப்புல கோலம் போட்டிருக்கியே, இந்த வீட்டுக்காரங்களுக்கு இரக்கமே கிடையாதா?" என்று ஒருவர் சத்தம் போட்டார்.

அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். "இங்கன யாரும் இல்லய்யா. வீடு சும்மாதான் கெடக்கு. ஆள் இருக்க மாதிரி தெரியணும்னு போடச் சொல்லியிருக்காவ."

பந்தல்காரர்கள், மேளக்காரர்கள், ஆட்டோக்காரர்கள், யாரென்றே தெரியாத முகங்கள், எல்லோரும் கேட்டார்கள். நான் மாலையைப் பிடித்தபடி நின்றேன். அவளைத் திட்ட மனம் வரவில்லை.

பதினாறாம் நாள் விசேஷத்துக்குள் வீடு களவு போய்விட்டது. பித்தளைப் பாத்திரம், மோட்டார், சுவரைக் கிழித்து உருவிய வயர். அம்மாவுக்காகப் புதிதாய் வைத்த உட்காரும் கழிப்பறைப் பீங்கானைச் சுக்குநூறாக உடைத்திருந்தார்கள். அதனால் யாருக்கு என்ன லாபம்? தூக்கிப் போயிருந்தால்கூட வயிறு இவ்வளவு எரிந்திருக்காது.

போலீஸில் நல்ல பூட்டாகப் போடச் சொன்னார்கள். கதவைச் சரிசெய்து புது வயர் இழுத்தேன். அதையும் உருவிப் போனார்கள். பிறகு எனக்கு வெறுத்துவிட்டது. கொத்தனாரைக் கூப்பிட்டு வாசலையும் ஜன்னல்களையும் சிமெண்ட் கல் வைத்து அடைத்துவிட்டேன்.

அதற்குள் அம்மா கோல் ஊன்றி நடக்கத் தொடங்கியிருந்தாள். எத்தனை சாக்குச் சொல்லியும் கேட்கவில்லை, ஆட்டோவில் கூட்டிப் போனேன். அவள் இறங்கவில்லை. வாசல் இருந்த இடத்தில் பூசாத கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுவாள், என்னை ஏசுவாள் என்று காத்திருந்தேன்.

"வண்டியத் திருப்பச் சொல்லு" என்றாள்.

ஆற்றுப் பாலம் தாண்டியதும் சொன்னாள்: "ரேஷன் கார்ட உன் வீட்டுக்கே மாத்திரு, என்னா."