நாலாவது துண்டு கீழே விழுந்த கதை

ஒன்பதாம் வகுப்பு விடுமுறையில் நானாகவே இணையப் பக்கம் செய்யக் கற்றுக்கொண்டேன். எடப்பாடியில் எங்கள் விசைத்தறியில் ஓடுகிற துண்டுகளுக்கு ஒரு பக்கம்! நான்கு படங்கள், ஒவ்வொன்றையும் சுற்றிக் கரை போட்ட பெட்டி, நான்கும் ஒரே வரிசை. நிறம் மாற்று, அகலம் மாற்று, திரும்பப் பார் என்று சோறு தண்ணீரே மறந்துபோனது. பக்கத்தின் அகலத்தை நான்காக வகுத்து, பெட்டிக்கு இருநூற்று நாற்பது பிக்சல் கொடுத்தேன். அகலம் என்றால் கரையும் சேர்ந்ததுதானே? எங்கள் ஊரில் கைக்குழந்தைகூட அப்படித்தான் சொல்லும். எங்கள் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரும் நான்கையும் ஒரே வரிசையில் காட்டி அதை ஒப்புக்கொண்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துண்டு வாங்கக் கரூர் வியாபாரி ஒருவர் வந்தார். ஊதாக் கரைத் துண்டு மட்டும் விலைபோகாமல் மூட்டை மூட்டையாகக் கிடந்தது. எப்படியாவது அதை அவர் தலையில் கட்டிவிட வேண்டும் என்று அப்பாவுக்குத் தவிப்பு. வியாபாரி தன் புது லேப்டாப்பில் என் பக்கத்தைத் திறந்தார். மூன்று துண்டுகள் மேலே நின்றன. நாலாவதான ஊதா மட்டும் கீழே தன்னந்தனியாக விழுந்து கிடந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஏனுங்க, இது மட்டும் தனியா நிக்குது?" என்றார் வியாபாரி.

அப்பா துளியும் தடுமாறவில்லை. "அது நம்ம ஊட்டு ஸ்பெசலுங்க. அதான் தனியா வெக்கச் சொன்னேன்."

வியாபாரி ஊதாவைப் பெரிதாக்கிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்குது. எத்தன இருக்குதுங்க?"

அதற்குள் நான் உள்ளே ஓடியிருந்தேன். எங்கோ படித்தது சட்டென்று நினைவுக்கு வந்தது. புது பிரவுசர்கள் பொதுவிதிப்படி கரையை அகலத்துக்கு வெளியே கூட்டுகின்றன! இடப்புறம் ஐந்து, வலப்புறம் ஐந்து, பெட்டிக்குப் பத்து அதிகம். நாலாவதுக்கு இடம் ஏது? கண்டுபிடித்துவிட்டேன்! நான்கிலும் பத்தைக் கழித்துவிட்டு வெளியே பாய்ந்தேன்.

"ஸ்பெசலெல்லாம் ஒண்ணும் இல்லீங்க! நாந்தான் தப்பாப் பண்ணிட்டேன். இப்பத் திருப்பித் தெறந்து பாருங்க!"

திறந்தார். நான்கும் ஒரே வரிசையில், நூல் பிடித்த மாதிரி! நான் குதியோ குதியென்று குதித்தேன். வியாபாரி அப்பாவை ஒரு பார்வை பார்த்துச் சிரித்தார்.

"பாப்பா வெவரந்தானுங்க. ஊதா போக மத்த மூணு மட்டும் போட்டு உடுங்க, போதும்."

அவர் போன பிறகு அப்பா ஊதா மூட்டைகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "சாமி..." என்று செல்லமாக ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்தி என் தலையைத் தடவிக்கொடுத்தார். என் திறமையைப் பார்த்துத்தான் வாயடைத்துப் போனார் என்று நினைத்துக்கொண்டேன்.