வெங்கடசுப்ரமணியனின் சுத்தமான கை

ஸ்ரீவராகத்து வெங்கடசுப்ரமணியனுக்கு உலகத்தில் உள்ள கைகளில் தன் கை ஒன்றுதான் சுத்தம். எழுபதுகளின் நடுவில், திருவனந்தபுரத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் அவர் ஈஸ்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கள்ளு வாடை அடிக்கிறது என்று மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் ஈஸ்ட் டப்பாவையே திறப்பார்.

ஈஸ்ட் செல்லை உடைத்து, ரைபோசோமில் உள்ள ஆர்.என்.ஏ.வைப் பிரித்து, அதன் அளவைக் கண்டுபிடிப்பது அவர் வேலை. சர்க்கரைக் கரைசலின் மேல் அதை ஊற்றி வேகமாகச் சுழற்றினால் பெரிய துண்டு ஆழத்துக்குப் போகும். சின்னது மேலே நிற்கும். வரைபடத்தில் இரண்டு மேடு தெரியும். அவருக்கு மேடே வரவில்லை. வழித்துவிட்ட மாவு மாதிரி ஒரே இழுப்பு. ஓணத்துக்குள் மேடு வராவிட்டால் வேலையை ரோஸிடம் கொடுத்துவிடுவதாகப் பேராசிரியர் சொல்லிவிட்டார். கொடுத்தால் டாக்டர் பட்டம் போச்சு.

ரோஸ் பக்கத்து மேசையில் ஆராய்ச்சி செய்கிற நாகர்கோவில் பெண். மத்தியானம் மீன் கறி கொண்டுவருவாள். அவளை மட்டமாக நினைக்க அவருக்கு அது போதும்.

“ராஜையன் கழுவின குழாய், மீன் தின்ன கை. இந்த இடத்துல மேடு எப்படி வரும்?” என்றார்.

ஊழியர் ராஜையன் குழாய்களைக் கழுவி, சூட்டடுப்பில் காயவைத்து அடுக்குவார். அவர் நகர்ந்ததும் வெங்கடசுப்ரமணியன் செம்பில் கொண்டுவந்த வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி, ஒவ்வொரு குழாயிலும் விரலை விட்டுத் தேய்ப்பார். ரப்பர் கையுறையைக் கண்டாலே அவருக்குக் குமட்டும்.

“கை வேர்வையில ஆர்.என்.ஏ.வை அரிக்கிற பொருள் உண்டு ஸாரே. எல்லார் கையிலயும் உண்டு, கேட்டோ,” என்றாள் ரோஸ்.

“உன் கையில இருக்கும். நான் மடியா ஸ்நானம் பண்ணிட்டு வரவன்.”

“அப்போ அந்த மடி விரலை ஒண்ணு கொடுங்க.”

ரோஸ் தான் பிரித்த ஆர்.என்.ஏ.வை இரண்டு குழாயில் ஊற்றினாள். பேராசிரியர் பார்த்துக்கொண்டு நின்றார். வெங்கடசுப்ரமணியன் தீர்த்தம் கொடுக்கிற தோரணையில் ஒன்றில் விரலை நனைத்தார்.

மறுநாள் வரைபடம் வந்தது. தொடாத குழாயில் இரண்டு மேடு. அவர் தொட்டதில் மாவு இழுப்பு.

“குளிச்ச விரல்தானே ஸாரே?” என்றாள் ரோஸ்.

பேராசிரியர் புதுக் கையுறை ஒன்றை நீட்டினார். “போட்டுட்டு வேலையைத் தொடங்கும். ஓணத்துக்கு இனியும் நாள் உண்டு.”

அவர் அதை இரண்டு விரல் நுனியால் வாங்கினார். தொட்டிப் பக்கம் போனார். செம்புத் தண்ணீரை ஊற்றி, உள்ளும் புறமும் வெறுங்கையால் அழுத்தித் தேய்த்துக் கழுவி, அதற்குப் பிறகே போட்டுக்கொண்டார்.

“ரோஸ், நாளைக்கு ஈஸ்ட் நீ வாங்கிட்டு வா,” என்றார் பேராசிரியர்.

பட்டம் ரோஸுக்குப் போயிற்று. வெங்கடசுப்ரமணியன் தம்பானூரில் ஒரு டுட்டோரியலில் வேதியியல் சொல்லிக்கொடுத்தார். ஆராய்ச்சியை ஏன் விட்டீர்கள் என்று யாராவது கேட்டால், “அங்கே சுத்தம் போதாது” என்பார், விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே.