பௌர்ணமியன்று கிளம்பாத கம்ப்யூட்டர்

பௌர்ணமியன்று எங்கள் தெருவுக்குள் ஆட்டோ வராது. கிரிவலக் கூட்டத்துக்காகச் செங்கம் சாலையை மறித்துவிடுவார்கள். அரசுப் பேருந்து ஓட்டும் என் கணவருக்கு அன்றைக்குச் சிறப்புப் பேருந்து டியூட்டி, வீட்டில் இருக்கமாட்டார். அப்படி ஒரு நாளாகப் பார்த்துத்தான் மகளின் பழைய கம்ப்யூட்டர் நின்றது.

மத்தியானம் கரண்ட் போய் வந்தது. அதன் பிறகு சுவரில் ஸ்விட்சைப் போட்டால் பெட்டிக்குள் விசிறி கொஞ்சம் சுற்றும், உடனே நின்றுவிடும். பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் அசைவில்லை. மிக்சியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அங்கே சொருகிப் பார்த்தேன். அங்கேயும் அதே கதைதான்.

வேறொரு சமயமாக இருந்திருந்தால், போகட்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டிருப்பேன். தை மாதம் மகள் வேலை முடிந்து ஸ்கூட்டரில் திரும்பும்போது ஒரு வேன் இடித்தது. காலில் பிளேட் வைத்தார்கள். எலும்பு கூடியது, நடந்தாள். ஆனால் பேச்சு நின்றுவிட்டது. சாப்பிடுவாள், மாத்திரை போடுவாள், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். மாதக்கணக்கில் நான் பார்த்தது அவள் முதுகைத்தான். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் இன்றைக்கும் நான் எடுப்பதில்லை. வேன் இடித்த செய்தி அப்படித்தான் வந்தது.

அவள் முன்பு வேலை பார்த்த விடுதி ஆசிரமத்துப் பக்கம் இருக்கிறது. அதை நடத்தும் அம்மா, சீசன் வருகிறது, அறைகளின் படங்களைப் போட்டு ஒரு வெப்சைட் செய்து கொடு, வீட்டிலிருந்தே செய் என்று கேட்டிருந்தார். கொஞ்ச நாளாக மகள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். என்னோடு சண்டைகூடப் போட்டாள். அன்று மாலை அனுப்பவேண்டியது மொத்தமும் அந்தப் பெட்டிக்குள் இருந்தது.

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்காரருக்குப் போன் செய்தேன்.

"இன்னிக்கு வர முடியாது மேடம், கடை வாசல்லயே ஜனம் நிக்குது. உள்ள ரேம்னு நீட்டா ஒரு பட்டை இருக்கும். அதக் கழட்டி, பென்சில் அழிக்கிற ரப்பரால தேய்ச்சி மாட்டுங்க. பாதி கம்ப்யூட்டர் அதுலயே எழுந்துக்கும்."

"மீதி பாதி?"

"மீதி பாதிய நாளைக்கு எடுத்துனு வாங்க."

பிளக்கைப் பிடுங்கி, பெட்டியைத் தரையில் சாய்த்து, பக்கத் தகட்டைக் கழற்றினேன். உள்ளே ஒரே தூசி. மகள் கிட்டே வந்து குனிந்தாள்.

"நீ தள்ளி உட்காரு. ஷாக் அடிக்கப்போவுது."

"பிளக்க பிடுங்கியாச்சில்ல? அப்பறம் எங்கேர்ந்தும்மா அடிக்கும், ஆகாசத்துலேர்ந்தா?"

"கால மடக்காத. நானே பாத்துக்கறேன்."

"நீ பாத்துக்கோ. எல்லாத்தயும் நீயே பாத்துக்கோ."

எழுந்து போய்விட்டாள். நான் ரேமைக் கழற்றி ரப்பரால் தேய்த்தேன். மாட்டினேன். ஸ்விட்ச் போட்டேன். விசிறி சுற்றியது, நின்றது. திரும்பக் கழற்றினேன், தேய்த்தேன். இடுப்பு விட்டுப்போயிற்று. தெருமுனையில், கிரிவலக் கூட்டத்தில் காணாமல் போன யாரையோ மைக்கில் அழைத்துக்கொண்டிருந்தார்கள். திரும்பிப் பார்த்தேன். மகள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அந்த முதுகைப் பார்த்ததும் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டேன். மாதக்கணக்காக இழுத்துக்கொண்டு வந்த பாரம் மறுபடி அடிவாரத்துக்கே உருண்டுவிட்டது என்று தோன்றியது.

சுவரைப் பார்த்தபடியே அவள் கேட்டாள்: "மா, பட்டன அழுத்தறப்ப டிக்குனு சத்தம் வருதா?"

"இல்லயே."

"வரணும்."

எழுந்து வந்தாள். நான் தடுப்பதற்குள் தரையில் உட்கார்ந்து, பட்டனைச் சுற்றி நகத்தால் தடவினாள். "இது அழுந்தினபடியே மாட்டிக்கிச்சிம்மா. வெளியவே வரல. அழுத்திப் புடிச்சினே இருந்தா அது அணைஞ்சிதான் போவும்." என் தாலிக்கயிற்றிலிருந்த ஊக்கை அவளே கழற்றி, இடுக்கில் விட்டுச் சுரண்டினாள். மஞ்சளாக, கட்டிகட்டியாக உதிர்ந்தது.

"இன்னாம்மா இது, சந்தனமா? பொட்டு வெச்சியா, பேஸ் பேக் போட்டியா?"

நான்தான் வைத்தேன். ஆயுத பூஜையன்று, சரியாக அந்தப் பட்டன் மேலேயே, குழைத்து அப்பி, குங்குமமும் வைத்தேன். ஈரமாக இருந்தவரை பட்டன் வேலை செய்திருக்கிறது. மறுநாள் போட்ட கம்ப்யூட்டரை அவள் அணைக்கவேயில்லை. கரண்ட் போனபோது, இடுக்கில் இறங்கியதெல்லாம் காய்ந்து இறுகியிருந்தது; திரும்ப அழுத்தியதும் பட்டன் உள்ளேயே சிக்கிவிட்டது.

போன வருஷப் பூஜைக்கு அவசரத்தில் ஸ்கூட்டருக்குப் பொட்டு வைக்காமல் விட்டிருந்தோம். அதற்கும் வேனுக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும், நான் படித்தவள்தான். தெரிந்தும் இந்த வருஷம் மிக்சி, கிரைண்டர், கத்தரிக்கோல், அவள் ஊன்றி நடந்த வாக்கர் என்று கண்ணில் பட்ட எல்லாவற்றுக்கும் ஜாஸ்தியாகவே அப்பினேன். இதை அவளிடம் சொல்லவில்லை.

டிக்கென்று பட்டன் வெளியே வந்தது. அழுத்தினாள். விசிறி சுற்றியது. நிற்கப்போகிறது என்று காத்திருந்தேன். நிற்கவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வேலையை முடித்து அனுப்பினாள். பிறகு என்னிடம், "வண்டிக்கும் அப்பியிருக்கியா?" என்று கேட்டாள்.

ரிப்பேர் ஆகி வந்த நாள் முதல் ஸ்கூட்டர் தார்ப்பாய்க்குள் நிற்கிறது. அதைப் பற்றி அவள் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. ஊக்கை எடுத்துக்கொண்டு, லேசாகக் காலை இழுத்தபடி வாசலுக்குப் போனாள். தார்ப்பாயை விலக்கும் சத்தம் கேட்டது. அடுப்பில் பால் பொங்கியது. எனக்கு அடுப்பை அணைக்கத் தோன்றவில்லை. ஸ்டார்ட்டர் பட்டனின் டிக், டிக் மட்டும் வந்தது. வண்டி கிளம்பவில்லை.

உள்ளே வந்து ஊக்கை என் கையில் கொடுத்தாள்.

"சந்தனம் இல்லம்மா. பேட்டரி டவுன். நாளைக்கு மெக்கானிக்க வரச் சொல்லு."

"சொல்றேன்" என்றேன்.

மெக்கானிக்கிடம் இன்னும் சொல்லவில்லை. தினமும் கேட்கிறாள்.