பனியன் துணி சுற்றிய ஒயர்கள்

எங்கள் தெருவில் ஒரே ஒருவரிடம் மட்டும் செல்போன் இருந்த காலத்தில் அப்பா ஒரு பழைய கார் வாங்கினார். அருள்புரத்தில் அவர் கட்டிங் மாஸ்டராக இருந்த பனியன் கம்பெனியின் முதலாளி பல வருடம் ஓட்டாமல் ஷெட்டில் போட்டிருந்த வண்டி. அப்பாவைவிட வயதில் மூத்தது. அதில்தான் குண்டடத்துக்கு, அம்மாவின் ஊர்க் கோயில் நோம்பிக்குப் போவதாக ஏற்பாடு.

பானெட்டைத் திறந்தால் இன்ஜினைச் சுற்றிலும் ஒயர்கள். மேலுறை காய்ந்து, தொட்டாலே பொடிப்பொடியாக உதிர்ந்தது. உள்ளே செம்புக் கம்பி தெரிந்தது. எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் புதிதாகப் போடச் சொல்லலாம் என்றாள் அம்மா. இதற்கெல்லாம் ஒரு ஆளா என்றார் அப்பா. கம்பெனியிலிருந்து வெட்டி மிஞ்சிய கட்டிங் வேஸ்ட் துணியைக் கொண்டுவந்து, நீளநீளமாகக் கிழித்து, ஒவ்வொரு ஒயருக்கும் கட்டுப்போட்டார். அடிபட்டு ஆஸ்பத்திரியில் படுத்திருப்பதுபோல இருந்தது இன்ஜின்.

ஞாயிற்றுக்கிழமை காலை என்னை டிரைவர் சீட்டில் உட்காரவைத்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"லைட்டப் போடு கண்ணு."

போட்டேன்.

முதலில் ஆயில் ஊறிய துணி கருகும் நாற்றம். பிறகு புகை, அதற்குள் தீ. கதவைத் திறக்கப் பார்த்தேன். கைப்பிடி கையோடு வந்துவிட்டது. ஜன்னல் கண்ணாடி பாதிக்குமேல் இறங்காது. அப்பாவைக் கத்திக் கூப்பிட்டேன். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில்தான் நின்றார். ஸ்பேனரைப் பிடித்தபடி அப்படியே நின்றார். அந்த முகத்தில் என்னைவிட அதிகப் பயம் தெரிந்தது.

அம்மாதான் சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். பேட்டரியில் மாட்டியிருந்த தடித்த ஒயரை வெறுங்கையால் பிடுங்கி எறிந்தாள். வாசலில் கிடந்த மணலை அள்ளி அள்ளி வீசினாள். தீ அடங்கியதும் வெளியிலிருந்து கதவைத் திறந்து என்னை வெளியே இழுத்தாள். அவள் வலது உள்ளங்கையில் தோல் வழன்றிருந்தது.

அதற்குள் தெருவே கூடிவிட்டது. பக்கத்து வீட்டுத் திருநெல்வேலி அண்ணாச்சி அப்பாவின் தோளைத் தட்டினார்.

"நல்லவேளை, சமயத்துல ஒயரப் புடுங்குனிய. இல்லேன்னா பிள்ள என்னாயிருக்கும்?"

அப்பா தரையைப் பார்த்தார். அம்மா கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

"ஆமாங்க. அவங்கதானுங்க புடுங்குனாங்க."

தீயைவிட எனக்கு இதுதான் பேரதிர்ச்சி. பொய் சொன்னதற்காக என்னை எத்தனையோ முறை அடித்தவள் அவள். நான் வாய் திறக்கப்போனேன். அவளுடைய நல்ல கை என் தோளை இறுக்கியது. அப்பாவுக்குப் பயந்துதான் பொய் சொல்கிறாள் என்று முடிவு செய்தேன். சில நாட்கள் இருவரிடமும் சரியாகப் பேசவில்லை.

அடுத்த வாரம் எலக்ட்ரீசியன் வந்து பழைய ஒயர் மொத்தத்தையும் உருவிப்போட்டுப் புது ஒயர் மாட்டினார். நோம்பிக்கு அந்தக் காரிலேயே போனோம்.

கை ஆறும்வரை அப்பாதான் அம்மாவுக்குச் சோறு பிசைந்து ஊட்டினார். கட்டு அவிழ்த்த பிறகும் இரண்டு மூன்று நாள் ஊட்டினார், அவளும் வாங்கிக்கொண்டாள். கை சரியாகிவிட்டதை அவரிடம் சொல்ல அம்மா மறந்துவிட்டாள் என்றுதான் நான் நினைத்தேன்.