தண்ணீர் பார்க்காத படகு ஒழுகிய கதை

எங்கள் தோட்டத்தில் ஒரு பாய்மரப் படகு நிற்கிறது. திருச்செங்கோட்டுக்கும் சங்ககிரிக்கும் நடுவில், மாட்டுக் கொட்டகைக்கும் கோழிப்பண்ணைக்கும் இடையில், லாரி டிரெய்லர் மேல் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. இங்கிருந்து எந்தத் திசையில் போனாலும் கடலைப் பார்க்க அரை நாள் ஆகும். பக்கத்து ஓடையில் தண்ணீர் ஓடி நான் பார்த்ததே இல்லை. அப்பேர்ப்பட்ட இடத்தில் நிற்கும் படகு ஒழுகுகிறது என்று சொல்லி, இரண்டு வருடம் என் வீட்டில் நடந்த கூத்தை யாரிடமாவது கொட்டித் தீர்த்தால்தான் எனக்கு ஆறும்.

என் வீட்டுக்காரர் ரிக் வண்டிக்காரர். ஆழ்துளைக் கிணறு போடும் வண்டியை ஓட்டிக்கொண்டு மாநிலம் மாநிலமாகத் திரிந்தவர். கம்ப்ரஸர் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்திப் பழகிய தொண்டை. வீட்டில் அவர் சோறு கேட்டால் பக்கத்துத் தோட்டத்துக்காரர் தட்டு எடுத்து வைப்பார். அப்படிப்பட்டவருக்கு நெஞ்சில் அடைப்பு வந்தது. அடைப்பை எடுத்துவிட்டு, இனிமேல் வண்டிப் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வண்டிகளைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தவர், உட்கார்ந்தவர்தான். சத்தம் இல்லை. சண்டை இல்லை. தோசை வைத்தால் பாதியைத் தின்பார், மீதியைப் பார்த்துக்கொண்டிருப்பார். அடைப்பில் போகாத மனுஷன் இந்த உட்காரலில் போய்விடுவாரோ என்று எனக்குப் பயம். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அழுதுவிடுவேன், நான் அழுதால் அவர் பயந்துவிடுவார்.

அவருடைய பழைய ரிக் கூட்டாளி ஒருவர், "மாப்பளைய நாலு எடம் கூட்டிட்டுப் போயிட்டு வாரேன் தங்கச்சி" என்று புதுச்சேரிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு அழைத்துப் போனார். போனவர்கள் தாம்பூலப் பையோடு திரும்புவார்கள் என்று பார்த்தால், படகோடு திரும்பினார்கள். டிரெய்லர் திரும்ப இடமில்லாமல் என் முருங்கை மரத்தை வேறு சாய்த்துவிட்டார்கள்.

"ஏனுங்க, இது என்னதுங்க?"

"படகு."

"அது எனக்கும் தெரியுதுங்க. எதுக்குங்க?"

"பூலாம்பட்டியில ஆத்துல உடறதுக்கு. ஆடிப் பதினெட்டுக்கு நீயும் நானும் இதுல ஏறிக் காவேரியில போறோம்" என்றார்.

நீச்சல் தெரியாத மனுஷன். ஊர்க் கிணற்றில் கால் நனைத்ததில்லை. பூமிக்கு அடியில் இருக்கும் தண்ணீரோடுதான் வாழ்நாள் முழுக்க அவருக்குப் பழக்கம். வாய் நிறையத் திட்டத்தான் வந்தேன். ஆனால் அவர் அதைக் கத்திச் சொன்னார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் எட்டிப் பார்த்தார். அன்றைக்கு இவர் மூன்று தோசை தின்றார். நான் திட்டுவதை விட்டுவிட்டு அடுத்த நாளுக்கு மாவு ஆட்டப் போனேன்.

எங்கள் பக்கத்து ஆட்களிடம் எதைக் கொடுத்தாலும் அதை லாரியாக்கிவிடுவார்கள். டிரெய்லர் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. பூசணிக்காய் உடைத்தாயிற்று. நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை வைத்திருப்பவர், இவருக்குத் தம்பி முறை, பெயின்ட் டப்பாவோடு வந்து முன்பக்கம் 'காவிரித் தாய் துணை' என்று எழுதினார். எழுதிய கை நிற்கவில்லை. பின்பக்கம் போய் 'ஒலி எழுப்பவும்' என்றும் எழுதிவிட்டார். ஆற்றில் பின்னால் வருவது மீனாகத்தானே இருக்கும், அது எதை வைத்து ஒலி எழுப்பும் என்று கேட்டேன். "சட்டப்படி எழுதோணுங்க அண்ணி" என்றார்.

அடுத்தது வெள்ளிக்கிழமைக் குளிப்பாட்டல். ரிக்காரர்கள் வெள்ளிக்கிழமை வண்டியைக் கழுவிப் பொட்டு வைக்காமல் இருக்க மாட்டார்கள். வண்டி போன பிறகு அந்த யோகம் படகுக்கு அடித்தது. பிரஷர் பம்பு வைத்து, கொடிமரம் போல் நிற்கும் பாய்மரத்தின் அடியிலிருந்து நுனி வரை பீய்ச்சி அடிப்பார். அப்புறம் சந்தனம், குங்குமம், ஊதுபத்தி. அப்புறம் உள்ளே போய், அங்கே இருக்கும் குட்டிக் கட்டிலில் ஒரு தூக்கம். அப்படிப் படுத்திருக்கும்போதுதான் ஒரு வெள்ளிக்கிழமை அவர் மூக்கின் மேல் சொட்டென்று விழுந்தது.

"ஒழுவுதுடா!" என்று அவர் கத்தியதில் கோழிகள் முட்டையை நிறுத்தியிருக்கும்.

மறுநாள் காலையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. ரிக் கூட்டாளி, பட்டறைக்காரர், குமாரபாளையத்தில் தறி ஓட்டும் என் சொந்த அண்ணன். மூவரும் எனக்கு வேண்டியவர்கள்தான், அதனால்தான் திட்டுகிறேன். பாய்மரத்து உச்சியில் ஒரு விளக்கு. அதன் ஒயர் படகின் மேல்தளத்தில் ஓட்டை வழியாகக் கீழே இறங்குகிறது. அந்த ஓட்டைக்கு ஒரு கிளாண்டு மாட்டியிருந்தது. மோட்டார் பெட்டியில் ஒயர் நுழைகிற இடத்தில் மாட்டுவார்களே, அதே சாமான்தான்: நடுவில் ரப்பர் வளையம், மேலே திருகி இறுக்குகிற மூடி. அந்த வழியாகத்தான் தண்ணீர் இறங்குகிறது என்று, என் வீட்டுக்காரரோடு சேர்த்து நான்கு பேரும் ஒருமனதாகக் கண்டுபிடித்தார்கள். அவர்கள் ஒருமனதாகச் செய்த முதலும் கடைசியுமான காரியம் அது.

கண்டுபிடித்த பிறகு என்ன செய்ய வேண்டும்? மேலே ஏறி, ஓட்டை இருக்கிற இடத்தில் அடைக்க வேண்டும். இவர்கள் கீழே படுத்தார்கள். நான்கு பேரில் இரண்டு பேர் ரிக்காரர்கள். தண்ணீர் என்றால் கீழேதான் தேடுவார்கள். மற்ற இரண்டு பேரும் ரிக்காரர்கள் சொன்னதைத் தட்டாதவர்கள். சொட்டு எங்கே தெரிகிறதோ அங்கேதான் வியாதி என்று அந்தக் குட்டிக் கட்டிலில் மாற்றி மாற்றி மல்லாக்கப் படுத்து, கூரையைப் பார்த்து வைத்தியம் பார்த்தார்கள்.

முதலில் கூட்டாளி. போர் போடும் கேசிங் பைப்பில் ஒரு துண்டு வெட்டி, ஒயரைச் சுற்றிக் கீழிருந்து செருகி, பசை ஊற்றினார். பசை அவர் மீசையில் சொட்டி, மீசையில் பாதியை எடுக்கும்படி ஆயிற்று. அடுத்த வெள்ளிக்கிழமை கழுவினார்கள். ஒரு முழம் தள்ளி ஒழுகியது. பிறகு பட்டறைக்காரர் லாரி பாடிக்குப் பூசும் பட்டி மாவைக் கூரை முழுக்க இழுத்து, தேய்த்து, நீலப் பெயின்ட் அடித்து, ஓரத்தில் ரோஜாப்பூவும் வரைந்தார். கண்ணைப் பறித்தது. வெள்ளிக்கிழமை அந்த ரோஜாப்பூவின் காம்பு வழியாக ஒழுகியது. பிறகு என் அண்ணன், "இதெல்லாம் நூலுக்கு முன்னால ஒண்ணுமே இல்ல அம்மிணி" என்று தறிக் கழிவு நூலை மெழுகில் முக்கி எடுத்து வந்து, இண்டு இடுக்கெல்லாம் திணித்தார். இந்த முறை தண்ணீர், வீட்டுக் கரண்டை இழுத்து மாட்டியிருந்த உள் விளக்கின் பல்பு வழியாக வந்தது. தொட்ட அண்ணனுக்குச் சுருக்கென்று ஷாக் அடித்ததுதான் மிச்சம்.

நான் டீ கொண்டு போகும்போதெல்லாம் சொன்னேன். "ஏனுங்க, தண்ணி மேல இருந்துதானே வருது? மேல அடைக்காம கீழ அடைச்சா, நடுவுல இருக்கற பலகை ஊறாதுங்களா? வேற எடத்துல பொத்துட்டு வராதுங்களா?"

"நீ டீயை வெச்சுட்டுப் போ" என்றார்.

"கழுவாதீங்க, ஒழுகாது. மழை பேஞ்சா மட்டும் பாத்துக்கலாம்."

"வெள்ளிக்கெழமை கழுவாம பொட்டு வெக்கறதா?" என்று நான்கு பேரும் ஒரே குரலில் கேட்டார்கள். நான் ஏதோ சாமி குத்தம் செய்துவிட்டேன் என்பது போல என் அண்ணன் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஒரு ஆடி போனது. "மேல ஒழுவுற படகைக் கீழ தண்ணியில உடறதா?" என்று தள்ளிப் போட்டார்கள். சனிக்கிழமை தோறும் கூட்டம். சனிக்கிழமை தோறும் எனக்கு நான்கு பேருக்குச் சமையல். எனக்கு வாய் ஓயவில்லை, அடுப்பும் ஓயவில்லை. படகுக்குள்ளிருந்து அவர் குரல் மட்டும் ஊருக்கே கேட்டது. "புடிய்யா! அக்கட்டப் புடிய்யா! ஏய்யா, உனக்கு டார்ச்சு புடிக்கக்கூடத் தெரியாதா?" அந்தக் குரல் கேட்கிற வரைக்கும் நான் நிம்மதியாகக் குழம்பு தாளிப்பேன். மாசத்துக்கு ஒரு தடவை பார்க்கிற டாக்டர், இவர் நன்றாகத் தேறிவிட்டார் என்றார். என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேட்டார். எதைச் சொல்வது?

இந்த வருடம் சித்திரையில் பட்டறைக்காரர் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். வெளிநாட்டு ஆள் ஒருவர் படகு ஒழுகலைப் பற்றிப் பேசும் வீடியோ. நான்கு பேரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்த்தார்கள்.

"என்ன சொல்றானுங்க?" என்று கேட்டேன்.

"ரோசனைக்காரன்யா!" என்றார் கூட்டாளி. "தண்ணி மேல இருந்துதான் வருதாம். மேலதான் அடைக்கோணுமாம். கீழ அடைச்சா பலகை ஊறி வேற எடத்துல வருமாம். எவ்வளவு பெரிய விசயத்த எவ்வளவு லேசாச் சொல்றான் பாரு தங்கச்சி!"

கையில் டீ இருந்தது. அவர் தலையில் ஊற்றாமல் வந்ததற்கு எனக்கு யாராவது மாலை போட்டிருக்க வேண்டும். ஒன்றரை வருடம் நான் தமிழில் கத்தியது காதில் ஏறவில்லை. அதையே ஒரு தாடிக்காரன் இங்கிலீஷில் சொன்னதும் வேதமாகிவிட்டது.

ஆனால் அதற்கப்புறம் வேலையைச் செம்மையாகச் செய்தார்கள், அதை நான் மறைக்க மாட்டேன். மேலே ஏறி கிளாண்டைக் கழற்றினார்கள். உள்ளே ரப்பர் வளையம் காய்ந்த கத்தரிக்காய் வற்றல் மாதிரி சுருங்கிக் கிடந்தது. ஊறிப்போன பலகையைச் சுரண்டி எடுத்துக் காய வைத்தார்கள். காய வைக்கிற வேலைக்கு எங்கள் சித்திரை வெயிலை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஓட்டையை ரெசின் பசை ஊற்றி நிரப்பி, இறுகிய பிறகு அதன் நடுவில் புதுசாகச் சின்ன ஓட்டை போட்டு, புது வளையம் வைத்து, மேலிருந்து இறுக்கினார்கள். ஒயரை நேராக விடாமல் கொஞ்சம் தொங்கவிட்டு வளைத்து நுழைத்தார்கள், வழிகிற தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும்படி. வெள்ளிக்கிழமை பம்பு வைத்து அடித்தார்கள். உள்ளே ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. மறுநாள் கறிக்குழம்பு வைத்தேன். ஏப்பம் விட்டுக்கொண்டே, ஆடிக்கு ஆற்றில் விட்டுவிடலாம் என்று சொல்லி அவரவர் ஊருக்குப் போனார்கள்.

அடுத்த சனிக்கிழமை யாரும் வரவில்லை. வந்து என்ன செய்வார்கள்? ஆடியும் வந்தது. அணை திறந்து ஆற்றில் வெள்ளம் போகிறது, படகு விடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கூட்டாளியின் மகன் வண்டியோடு சத்தீஸ்கர் போய்விட்டதால், அவருக்குத் தோட்டத்தை விட்டு நகர முடியவில்லை. அண்ணனுக்குத் தறியில் ஆள் இல்லை. இவர் வெள்ளிக்கிழமை படகைக் கழுவுவார், டார்ச்சோடு உள்ளே போவார், முகம் தொங்கி வெளியே வருவார்.

"ஒழுவுதுங்களா?"

"இல்ல."

கட்டிலில் வந்து உட்கார்வார். சுவரைப் பார்ப்பார். ஒரு ராத்திரி தட்டில் அரைத் தோசை மிஞ்சியது. எந்தப் படகை முருங்கை மரத்துக்காக நாள் தவறாமல் திட்டினேனோ, அந்தப் படகு ஒழுக வேண்டும் என்று கும்பிட ஆரம்பித்தேன். என் கேவலம் எனக்குத்தான் தெரியும்.

புரட்டாசியில் ஒரு வெள்ளிக்கிழமை. கழுவி முடித்து உள்ளே போனவர் கத்தினார்.

"ஏ புள்ள! ஒழுவுதுடீ!"

பக்கத்துத் தோட்டத்துக்காரர் வெளியே வந்துவிட்டார். நான் கரண்டியோடு நின்றேன். மறுநாள் மூன்று பேரும் ஆஜர். புது வேலை எப்படி ஒழுகும் என்று ஒரே சண்டை. உன் பசை மட்டம், உன் ஓட்டை கோணல், வீடியோக்காரன் ஃபிராடு. இவர் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. அந்த நேரத்தில் நான் துணி துவைக்க எடுத்தேன். மெஷினில் போடும் முன் பையைத் துழாவுவது என் வழக்கம். இவர் பையில் திருகாணி இல்லாத நாள் கிடையாது. நேற்றுப் போட்டிருந்த சட்டைப் பையில் விரலில் ஏதோ மெத்தென்று தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தேன். கறுப்பு ரப்பர் வளையம். புதுசு. கிளாண்டுக்குள் இருக்க வேண்டியது. அவரேதான் கழற்றி எடுத்திருக்கிறார்.

கோபம்தான் முதலில் வந்தது. இந்த அக்கப்போருக்கு நான் எத்தனை கிலோ அரிசி வடித்திருக்கிறேன்! அப்புறம் அந்த மெஷின் மேலேயே சாய்ந்துகொண்டு அழுதேன். அழுது முடித்து முகத்தைக் கழுவிக்கொண்டு, வளையத்தை அஞ்சறைப் பெட்டியில் கடுகுக்கு அடியில் புதைத்தேன்.

சாயங்காலம் கொடிப் பக்கம் அவர் நிற்பதைப் பார்த்தேன். காய்கிற சட்டையின் பையை வெளியே இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க தேடறீங்க?"

"ஒண்ணுமில்ல."

"ஒழுகுறது நின்னுதுங்களா?"

என் முகத்தைப் பார்த்தார். பிறகு படகைப் பார்த்தார். "எங்க நிக்குது? இது லேசுல நிக்கற மாதிரி தெரியல."

"அதானே பாத்தேன். நாளைக்கும் அவங்கள வரச் சொல்லுங்க. நாலு பேருக்குக் கொழம்பு வெக்கறேன்" என்றேன்.